சனியன், பிள்ளையான கதை

கோட்டையூரில் எங்கள் கொல்லையில், துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒரு கீரிப்பிள்ளை குடியிருந்தது. மத்தியானம் நான் பாத்திரம் விளக்கி எழுந்ததும் குட்டியோடு வந்து, மண்சட்டியில் வைத்த தண்ணீரைக் குடிக்கும். துபாயில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் வீடியோ காலில் முதலில் கேட்பது, "பிள்ளைக வந்துச்சுகளா?" என்பதுதான்.

பக்கத்து வீட்டு அக்கா கோழி வளர்க்கிறார். ஒரு குஞ்சைக் காணோம் என்றதும் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்தினார். "அந்தச் சனியன்தான் தூக்கியிருக்கும். நீங்கதான் தண்ணி வச்சு வளக்குறீக!"

பருந்தாகவும் இருக்கலாம் என்றேன். அவர் காதில் வாங்கவே இல்லை. மறுநாள் மீன்தலையில் எலி மருந்து தடவிச் சுவரோரம் போட்டுவிட்டார். தாயும் குட்டியும் கல்லடியிலேயே விறைத்துக் கிடந்தன. வேப்பமரத்தடியில் நானே குழி தோண்டிப் புதைத்தேன். அன்றைக்கும் வீட்டுக்காரர் அதையே கேட்டார். "வெயிலுக்குப் பதுங்கியிருக்கும்" என்று சொல்லி, போனைத் தவிட்டுக்குருவிகள் பக்கம் திருப்பினேன்.

நேற்றுக் காலை அதே சுவருக்கு மேலே அதே தலை. முகம் வெளுத்திருந்தது. கோழிக்கூண்டுக்குள் நல்ல பாம்பு படமெடுத்து நிற்கிறதாம்.

"கீரிப்பிள்ளைக ஒண்ணாச்சும் மிச்சமிருக்கா? இங்குட்டுக் கொஞ்சம் விரட்டி விடுறீகளா?"

இத்தனை நாள் சனியனாக இருந்தது, ஒரு பாம்பைக் கண்டதும் பிள்ளையாகிவிட்டது.

வேப்பமரத்தடியைக் கை காட்டினேன்.

"அங்குட்டுத்தான் படுத்திருக்குதுக. எழுப்பிக் கூட்டிட்டுப் போங்கக்கா."