ஏற்றத்தில் தூங்கும் மாப்பிள்ளை

மூன்றாவது திருப்பத்தில் நிற்கும் குளிர்பான இயந்திரம்வரை ஏறுவார். அதன்மேல் ஒரு கையை ஊன்றி, எதை வாங்கலாம் என்று யோசிப்பவர்போல நிற்பார். எதையும் வாங்கமாட்டார். மூச்சு திரும்பியதும் மேலே ஒரு பார்வை, பிறகு இறங்கிவிடுவார். நாகசாகியில் எங்கள் சரிவில் குடியிருக்கும் எல்லோருக்கும் ஹத்சுயோ அம்மாவின் இந்தக் காலைப் பழக்கம் தெரியும். தெரியாததுபோல் தாண்டிப் போகவும் தெரியும். எனக்கு மட்டும் அந்தப் பார்வையைக் காணச் சகிக்காது.

படிகள் முடிகிற இடத்தில் அவர் வீடு. வீட்டில் கணவர் தோகுஜி. தன் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தபோது, காயம் ஆறும்வரை இருக்கட்டும் என்று அடிவாரத்தில் தங்கை வீட்டுக்கு வந்தார் ஹத்சுயோ. காயம் ஆறி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இவரால் ஏற முடியவில்லை. தோகுஜிக்கு முழங்கால் இரண்டும் போனதால் இறங்க முடியவில்லை. வண்டி போகிற பாதையும் கிடையாது. ஆள் வைத்துத் தூக்கிவரலாம் என்றால், "நான் என்ன பீரோவா?" என்கிறார் தோகுஜி. ஹத்சுயோவை முதுகில் சுமந்துபோக அரிசிக் கடைக்காரர் முன்வந்தார். "ஏறிட்டா ஆச்சா? தினம் கடைக்கு இறங்கி ஏற உங்க முதுகு வருமா?" என்று இந்த அம்மாள் அவரை அனுப்பிவிட்டார்.

ஆயுள் முழுக்க ஒரே கூரையின்கீழ் சண்டை போட்டவர்கள் இப்போது என் மூலமாகப் போடுகிறார்கள். அடிவாரத்தில் சலவைக் கடை வைத்திருக்கிறேன். மேலே துணி கொண்டுபோகும்போது ஹத்சுயோ சமைத்த டப்பாவும் என்னோடு ஏறும். காலி டப்பா பதிலோடு இறங்கும்.

"முள்ளங்கி வேகல. அடுப்புகிட்ட நின்னாலும் அவளுக்கு மூச்சு வாங்குதான்னு கேளு," என்பார் தோகுஜி.

"வேகாத முள்ளங்கியைத்தான் ஒரு துண்டு மிச்சமில்லாம முழுங்கியிருக்காரா?" என்பார் ஹத்சுயோ, டப்பாவை முகர்ந்து பார்த்து.

தன் நெஞ்சில் இருக்கும் பெட்டிக்கு ஹத்சுயோ வைத்த பெயர், வீட்டோட மாப்பிள்ளை. இந்த ஊரில் ஆண்பிள்ளை இல்லாத வீடுகளில் மருமகனைத் தத்தெடுத்துக் குடும்பப் பெயரையே கொடுத்துவிடுவார்கள். அப்படி வந்தவன் சரியாக வேலை செய்யாவிட்டால் வாய்விட்டுத் திட்டவும் முடியாது. "ஏத்தத்துல தூங்குறான். இறக்கத்துல தலைதெறிக்க ஓடுறான். டிராம்ல சும்மா உக்காந்திருந்தா, இவன் மட்டும் மலை ஏறுறான்," என்று தோளெலும்புக்குக் கீழே விரலால் தட்டுவார். ஏறும்போது கண் இருட்டும், கால் கல்லாகும். இறங்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் மருத்துவமனையில் சொன்னாரா என்றால், அங்கேதான் வம்பே. சோதனைக்குப் போகிற நாளுக்கு முந்தின நாள் முழுக்கப் படுத்து ஓய்வெடுப்பார். காலையில் கூந்தலைச் சுருட்டி, கன்னத்தில் லேசாகச் சிவப்பு தடவி, நீலக் கோட்டு போட்டுக்கொள்வார். "நல்லா பாடுபட்டு வெச்சுவிட்டிருக்காங்க. வாடிப்போய் நின்னா டாக்டர் மனசு நோகாதா?" கருவியைச் சோதிப்பவர் இவனாகா என்ற பெண். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். "உங்க தயவுல ரொம்ப நல்லா இருக்கேன்," என்று ஹத்சுயோ தலை வணங்குவார். நடந்து காட்டச் சொன்னால், சமதரையான தாழ்வாரத்தில் அன்னம்போல நடந்து காட்டுவார். யாருக்கு என்ன தெரியும்?

போன வாரம் தங்கைக்கு வேலை இருந்ததால் துணைக்கு நான் போனேன். அதே கோட்டு, அதே வணக்கம். இவனாகா சிரித்துக்கொண்டே சொன்னார்: "எல்லாம் நல்லா இருக்கு. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்."

ஹத்சுயோ நன்றி சொன்னார். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒரு வருஷமா?" என்றார். கன்னத்துச் சிவப்பின்மேல் கண்ணீர் வழிந்தது. "மேல அவர் தனியா இருக்காரும்மா. அவர் இருமுற சத்தம் காதுல விழாம எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. படி ஏற முடியல. எனக்கு வீட்டுக்குப் போகணும்."

பிறகு மாப்பிள்ளையின் லட்சணம் அத்தனையும் வெளியே வந்தது. இவனாகா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "உங்க உடம்பு குலுங்குறதை வெச்சுத்தான் இது வேகத்தைக் கூட்டும். மெதுவா படி ஏறினா அவ்வளவா குலுங்காது, நீங்க சும்மா இருக்கீங்கன்னு நினைச்சுக்கும். இறங்கும்போது குலுங்கும், ஓடுறீங்கன்னு நினைச்சுக்கும். இதுல மூச்சைக் கவனிக்கிற வழியும் ஒண்ணு இருக்கு. டாக்டர்கிட்ட கேட்டுட்டுத் திறந்துவிடறேன்."

"அவனை எழுப்ப வழி இருந்துச்சா!"

"நீங்கதான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டே இருந்தீங்க!"

ஹத்சுயோ மன்னிப்புக் கேட்டுக் குனிந்தார். இவனாகாவும் பதிலுக்குக் குனிந்தார். டாக்டர் சரியென்றதும் வேலை தொடங்கியது. இந்த முறை தாழ்வாரம் இல்லை, மாடிப்படி. முதலில் வைத்த அளவு கூடிப்போய், பாதியிலேயே நெஞ்சு துள்ளி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். "துள்ளுறான்மா!" என்று வாய்விட்டே சொன்னார். குறைத்தார்கள். இன்னொரு முறை ஏறினார், இன்னும் கொஞ்சம் மாற்றினார்கள். மூன்றாம் மாடியில் நின்று, மூச்சு வாங்கியபடியே, என்னைப் பார்த்துச் சின்னப் பெண்போலச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஏறினோம். முன்னால் அவர், பின்னால் பையோடு நான். வேகமெல்லாம் இல்லை, திருப்பத்துக்குத் திருப்பம் நின்றார். நான் வாயைத் திறந்தால், "பேசாதே, அவன் கவனம் கலையும்," என்றார். கடைசிப் படிவரிசையின் பாதியில் கால் நின்றுவிட்டது. மேலே வாசல் கம்பத்தைப் பிடித்தபடி தோகுஜி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"ஏன் நின்னுட்ட? திரும்பிப் போறதா உத்தேசமா?"

"கொஞ்சம் வாயை மூடுங்க. மூச்சு விட்டுக்கறேன்."

விட்டுக்கொண்டார். ஒரு படி ஏறினார். இன்னொன்று. கடைசி மூன்று படிகளுக்குக் கீழே மறுபடி நின்றபோது, தோகுஜி தான் ஊன்றியிருந்த தடியைத் தரையிலிருந்து தூக்கி, பிடியுள்ள பக்கத்தை அவரிடம் நீட்டினார். முழங்கால்கள் வெடவெடவென்று ஆடின.

"ஐயோ, விழுந்து தொலைக்கப்போறீங்க!"

"பிடிடி."

அவர் எட்டிப் பிடித்தார். ஆளுக்கொரு முனையாகத் தடியைப் பற்றிக்கொண்டு இருவரும் அப்படியே நின்றார்கள். யாரும் இழுக்கவில்லை, யாரும் விடவுமில்லை.