எந்தத் தெரு என்று கேட்காத அறை

பெரம்பலூரில் நான் மனநல ஆலோசகராக இருக்கும் கல்லூரியில் யாரும் யாரிடமும் சாதியைக் கேட்பதில்லை. எந்த ஊர் என்பார்கள், ஊரில் எந்தத் தெரு என்பார்கள். அதிலேயே எல்லாம் தெரிந்துவிடும். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லப்பைக்குடிக்காட்டுப் பெண் வந்தாலும் வரதராஜன்பேட்டைப் பையன் வந்தாலும் தெருவை நான் கேட்க மாட்டேன். என்னைக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அரியலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறேன், அதோடு சரி. ரொம்பத்தான் பண்ணுகிறாள் என்று ஆசிரியர்கள் மத்தியில் பேச்சு. பேசட்டும்.

ஒருநாள் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் வந்தான். உட்காரவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஒழுங்காகச் சாப்பிட்டே நாளாகியிருக்கும். தன் வகுப்புப் பெண்ணொருத்தியின் பெயரைச் சொல்லி, அவளைக் கல்லூரியில் காணவில்லை என்றான். அடுத்த மூச்சில், நீங்கள் எந்தத் தெரு என்று என்னைக் கேட்டான். எதற்கு என்றேன்.

"எங்காளா இருந்தா எங்க வூட்ல சொல்லிடுவீங்க. அவங்காளா இருந்தா அவ வூட்ல சொல்லிடுவீங்க. எப்படிப் பார்த்தாலும் அவளக் கொன்னுடுவாங்க மேடம்."

போன வாரம்தான் அந்தப் பெண் என்னிடம் வந்திருந்தாள். வீட்டில் சந்தேகப்படுகிறார்கள், வெளியூரில் சித்தி வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றாள். அவனிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள், தெரிந்தால் தேடி வருவான், அவன் பின்னாலேயே எங்கள் ஆட்களும் வருவார்கள் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"இங்க வந்தாளா? உயிரோட இருக்காளா? அத மட்டும் சொல்லுங்க."

"இங்க யாரு வந்தாங்கன்னு நான் யாருகிட்டயும் சொல்றதில்லப்பா."

கல் நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பான். கதவு வரை போனவன் அங்கேயே நின்றான்.

"அப்ப நான் வந்ததயும் சொல்ல மாட்டீங்க."

"மாட்டேன்."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தான். செத்துவிடலாம் என்று தோன்றியதையும் மறைக்காமல் சொன்னான். அவன் சம்மதத்தோடு அவன் நண்பனை வரவழைத்தேன், ராத்திரி கூடவே இருக்கச் சொன்னேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இவனிடம் சொல்லலாம் என்றால் அவள் போன் அணைந்திருந்தது.

கிளம்பும்போது, அவள் எங்கேயாவது நன்றாக இருந்தால் போதும் என்றான். இருக்கிறாள் என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. நாளை காலை கட்டாயம் வா என்று மட்டும் சொன்னேன்.