ஆபரேட்டர் வெட்டிய பத்து நிமிடம்

அந்தப் படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எழுபதுகளில் அமெரிக்காவில் கறுப்பின நடிகர்களை நாயகர்களாக வைத்து வரிசையாக எடுத்த க்ரைம் படங்களில் ஒன்று. நீளத் தோல் கோட்டு, கையில் துப்பாக்கி, தன் தெருவில் போதைப்பொருள் விற்கும் கும்பலையே கொள்ளையடிக்கும் நாயகன். சென்னையில் காலேஜ் படிக்கும்போது காலைக் காட்சியில் மூன்று தடவை பார்த்தேன். அப்போதே அது பழைய படம், பிரிண்ட் முழுக்கக் கோடு. நாயகன் கோட்டை உதறிக்கொண்டு நடந்தால் தியேட்டரே விசிலடிக்கும். நானும் தொண்டை கட்டுகிற வரை கத்தியிருக்கிறேன்.

இதை, இப்போது நான் இருக்கிற டெக்சாஸ் சுகர் லேண்டில், என் வாக்கிங் நண்பரிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அவர் மூன்று தெரு தள்ளி இருக்கிறார். கறுப்பினத்தவர், ஸ்கூலில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், மனைவி தவறிவிட்டார். இரண்டு வருஷமாகச் சாயங்காலம் ஏரியைச் சுற்றிச் சேர்ந்து நடக்கிறோம். நான் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அந்தப் படம் வந்தபோது அவருடைய அம்மா சர்ச் ஆட்களோடு தியேட்டர் வாசலில் அட்டை பிடித்து நின்றாராம், எங்கள் பையன்களைத் திருடனாகக் காட்டாதே என்று. இவர் பின்வாசல் வழியாக நுழைந்து படம் பார்த்திருக்கிறார். தன்னைப் போல ஒருத்தன் கடைசியில் உயிரோடு ஜெயித்து நடந்து போவதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திரையில் பார்த்தாராம், இருட்டில் அழுதுவிட்டாராம். அம்மா நின்றதும் சரி, நான் அழுததும் சரி என்றார். பிறகு, நடுவில் அந்த ஹீரோ மாடிப்படியில் உட்கார்ந்து பேசுவானே, அது பிடித்ததா என்று கேட்டார்.

அப்படி ஒரு காட்சியே எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வருகிற வழியில்தான் உறைத்தது. எங்கள் தியேட்டரில் இங்கிலீஷ் படத்தில் பேச்சு நீண்டால் ஆபரேட்டரே அந்த ரீலை வெட்டிவிடுவார். சண்டை மட்டும் ஓடும். நாங்களும் அதற்குத்தான் போனோம். மறுநாள் இதைச் சொன்னபோது அவர் முழுப் படத்தையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னார். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

என் மனைவிக்கு அவர் மேல் பிரியம். தனியாள் என்னத்தைச் சமைப்பார் என்று எவர்சில்வர் டப்பாவில் சாம்பார் சாதமோ புளியோதரையோ கொடுத்தனுப்புவாள். முதல் தடவை அவர் டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்தபோது, எங்க ஊரில் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தர மாட்டோம் என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தாள். மனுஷர் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு தடவைகூட டப்பா வெறுமனே வந்ததில்லை.

ஒரு மழை நாள். ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோது வாசல் கேமரா என் போனில் சத்தம் போட்டது. தலையை மூடிய மழைக்கோட்டில் உயரமான கறுப்பு ஆள். பெல் அடிக்கிறார், நிற்கிறார், எங்கள் செருப்பு வரிசைப் பக்கம் குனிகிறார், ஜன்னல் வழியாக உள்ளே பார்க்கிறார். அந்த வாரம்தான் பக்கத்துத் தெருவில் யார் வீட்டிலோ பார்சல் திருடு போயிருந்தது. நான் முகத்தைப் பார்க்கவே இல்லை. கை எங்கே போகிறது என்றுதான் பார்த்தேன். நீளமாகப் போட்டால் ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள் என்று வீடியோவைப் பன்னிரண்டு செகண்டாக வெட்டி எங்கள் தமிழ் குரூப்பில் போட்டேன். யாருக்காவது இந்த ஆளைத் தெரியுமா, ஜாக்கிரதை என்று எழுதினேன். ரிட்டயர் ஆன அங்கிள் ஒருவர், போலீஸுக்கு போன் பண்ணி வீடியோவையும் அனுப்பிட்டேன் என்று பத்தே நிமிடத்தில் பதில் போட்டார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பு ஸ்டாண்டின் மேல் ஒரு பை. உள்ளே எங்கள் டப்பா. டப்பா நிறைய அவர் வீட்டு மரத்துப் பீக்கன் பருப்பு, உடைத்து, உரித்து, சுத்தம் பண்ணி. வெட்டாத வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பதிமூன்றாவது செகண்டில் கோட்டுக்குள்ளிருந்து பையை எடுக்கிறார். மழை படாமல் செருப்பு ஸ்டாண்டின் மேல் சுவரோரம் தள்ளி வைக்கிறார். தெரிந்தவர்தான், ஸாரி என்று குரூப்பில் எழுதிவிட்டுப் பழைய பதிவை அழித்தேன். அதற்குள் போலீஸ் அவரை ரோட்டில் நிறுத்தி விசாரித்து அனுப்பிவிட்டது என்று அங்கிள் எழுதியிருந்தார். எல்லாம் ஓகேவாம்.

எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் வேறு யாருடையதோ மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், ஆபீஸ் போனேன். போய்ச் சொல்லிடுங்க என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். அப்புறம் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். அவர் எப்போதும் போல நடக்க வந்தார். முழங்கால் வலி, ஏரியில் குறைந்துவிட்ட வாத்துகள் என்று ஏதேதோ பேசினார். போலீஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான்தான் என்று தெரியாது போலிருக்கிறது என்று நானும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் நடை நின்றுவிடும் என்று பயம். இருபது வருஷத்தில் இந்த ஊரில் எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதர் அவர். என்னை மாதிரி சிடுமூஞ்சியோடு வேறு யார் நடப்பார்கள்?

மூன்று வாரம் போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தப் படத்தை முழுசாகப் போட்டு உட்கார்ந்தேன். சண்டையெல்லாம் சப்பென்று இருந்தது. பெண்களைக் காட்டியிருக்கிற விதம் கூச வைத்தது. அந்த அம்மா அட்டை பிடித்ததில் தப்பே இல்லை. ஆனால் நான் பார்த்தேயிராத பத்து நிமிடமும் வந்தது. வேலை கேட்டு நாலு இடம் அலைந்துவிட்டு வந்த நாயகன் மாடிப்படியில் உட்கார்ந்து தங்கையிடம் பேசுகிறான். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் என் கையையே பார்க்கிறார்கள் என்கிறான். பெரிய வசனம் எல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொல்கிறான். கோட்டும் துப்பாக்கியும் அதற்கு அப்புறம்தான் வருகின்றன. இந்தப் பேச்சு இல்லாமல் பார்த்தால் அவன் வெறும் திருடன். மூன்று தடவை நான் விசிலடித்தது அந்தத் திருடனுக்குத்தான். ஆபரேட்டரைத் திட்டலாம் என்றால் எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

மறுநாள் மனைவி டப்பாவில் லெமன் சாதம் போட்டுக் கையில் கொடுத்தாள். அவர் வீட்டு பெல்லை அடித்தேன். கதவைத் திறந்ததும் அந்த வீடியோவைப் போட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மழை, மீட்டிங், பார்சல் திருட்டு என்று நாக்குக் குழற எதையெதையோ ஒப்பித்தேன்.

அவர் முகம் மாறவில்லை.

"தெரியும். போலீஸ்காரர் போனில் காட்டினார். உங்க வீட்டுச் செருப்பெல்லாம் அதில் இருந்தது" என்றார்.

இருபத்து மூன்று நாள் தெரிந்துகொண்டே என் பக்கத்தில் நடந்திருக்கிறார். நானாகச் சொல்கிறேனா என்று பார்த்திருக்கிறார். ஊசியின் மரப்பு அப்போதுதான் விட்டது. வலித்தது. ஐம்பத்தாறு வயசில் இன்னொருத்தர் வாசலில் நின்று அழுதேன். படத்தை முழுசாகப் பார்த்துவிட்டேன் என்றேன். தலையாட்டினார். டப்பாவை நீட்டினேன்.

அவர் கை நீட்டவில்லை.

"உங்க மனைவிக்கு என் நன்றியைச் சொல்லுங்க. இதை நான் வாங்கினா, திருப்பிக் கொடுக்க மறுபடியும் உங்க வாசலுக்கு வரணும்."