சாம்பலில் தேய்த்த தம்ளர்

சவுரியம்மாளின் தகப்பனார் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர். மகள் ஆசிரியப் பயிற்சி முடித்து, அதே ஊரில் ஒரு மிஷன் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு ஆசிரியை ஆனார். ஐந்தாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த வகுப்பில் சயின்ஸ் புத்தகத்தை வாய்விட்டு வாசிப்பார்கள், அவ்வளவுதான். எதையும் யாரும் செய்து காட்டியதில்லை.

1932-இல் பள்ளி மேனேஜரிடம் கேட்டார்.

"லீவுல வேலூர்ல வாத்தியாருங்களுக்கு சயின்ஸ் கிளாஸ் வெக்கிறாங்க. அதுல தேறிட்டு வாங்க. இல்லேன்னா ஒண்ணாங்கிளாஸே உங்களுக்கு" என்றார் மேனேஜர்.

மே மாத வெயிலில் வேலூருக்குப் போனார். வகுப்பை நடத்தியவர் சாமுவேல் என்ற ஹைஸ்கூல் ஆசிரியர். கடைசி நாளில் ஒவ்வொருவரும் ஒரு மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். மற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளாக உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள்.

சவுரியம்மாள் புளிப்பும் காரமும் என்று தலைப்பு எடுத்தார். காரம் என்றால் மிளகாய்க் காரமல்ல, சுண்ணாம்பில் இருக்கும் ஆல்கலி. அது எதில் இருந்தாலும் மஞ்சள் தண்ணீரைச் சிவக்க வைக்கும். புளிப்பு அந்தச் சிவப்பைப் போக்கிவிடும். காரத்துக்குச் சுண்ணாம்புத் தெளிவு. புளிப்புக்கு, தோலில் ஏறிய சுண்ணாம்பைப் போக்க ஷாப்பில் புளிக்க வைக்கும் தவிட்டுத் தண்ணீர். அதை ஆம்பூரிலிருந்தே ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருந்தார்.

பாடத்துக்கு முந்தின நாள் ஒத்திகைக்காக அதை எல்லாத் தம்ளர்களிலும் ஊற்றிப் பார்த்தபோது, பக்கத்து அறையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். தோல் ஷாப்பு வாடை தம்ளரில் தங்கிவிட்டது என்று நாளைக்கு யாரும் முகம் சுளிக்கக்கூடாதே என நினைத்தார். பச்சைத் தண்ணீரில் கழுவினால் போதும் என்று சாமுவேல் சொல்லியிருந்தும், அடுப்புச் சாம்பலைப் போட்டு அழுந்தத் தேய்த்தார். அந்தக் கோடையில் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. ஒரு செம்புத் தண்ணீரில் எல்லாவற்றையும் அலசிக் கவிழ்த்தார்.

மறுநாள் மூன்று தம்ளர்களை வரிசையாக வைத்தார். ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் சுண்ணாம்புத் தெளிவு, ஒன்றில் தவிட்டுத் தண்ணீர்.

"பச்சைத் தண்ணியில மஞ்சள் மஞ்சளாவே இருக்கும், பாருங்க" என்று சொல்லி முதல் தம்ளரில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். அது சிவந்தது.

வாலாஜாபேட்டை ஆசிரியர் ஜம்புலிங்கம் முன்வரிசையில் இருந்தார். "இன்னா டீச்சரம்மா, பாடம் எடுக்கச் சொன்னா ஆரத்தி கரைக்கிறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"வேற தம்ளர் எடுத்துக்கங்கம்மா, பரவாயில்ல" என்றார் சாமுவேல்.

சவுரியம்மாளின் கை தம்ளரைக் கொட்டிவிடத் தூக்கியது. கொட்டிவிட்டால் பாடம் சொன்னபடி முடியும். ஆனால் ஆம்பூரில் ஒரு பிள்ளை ஏன் சிவந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? தம்ளரை மறுபடி மேஜையில் வைத்தார்.

"இது ஏன் செவந்துதுன்னு எனக்குத் தெரியல சார். பாத்துட்டே போவோம்."

அந்தத் தம்ளருக்குப் பச்சைத் தண்ணீர் எடுத்த செம்பிலிருந்தே ஒரு வாழையிலைத் துண்டில் கொஞ்சம் விட்டு மஞ்சள் கலந்தார். மஞ்சளாகவே இருந்தது.

"அப்ப தண்ணியில கோளாறு இல்ல, தம்ளர்லதான்" என்றார் ஜம்புலிங்கம். "எதுல கழுவினீங்க?"

"சாம்பல்ல."

ஜம்புலிங்கம் எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து ஒரு பிடி சாம்பல் அள்ளி வந்தார். தண்ணீரில் கரைத்துத் தெளிவை இறுத்து மஞ்சளை விட்டார்கள். சிவந்தது. சவுரியம்மாள் அதில் தவிட்டுத் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்ற, சிவப்பு மங்கி மஞ்சள் திரும்பியது.

"சாம்பல்லயும் காரமா? தெனம் பாத்திரம் தேய்க்கிற சாமான்" என்றார் ஜம்புலிங்கம். "அந்த நாத்தத் தண்ணிய இப்படிக் குடுங்க, நானும் ஊத்திப் பாக்கறேன்."

பின்வரிசைக்காரர்களும் மேஜையைச் சுற்றிக்கொண்டார்கள். இப்போது யாரும் மூக்கைப் பொத்தவில்லை. மணி அடித்தபோது பாடத்தில் பாதி மீதி இருந்தது.

"முடிக்கலியே சார்" என்றார் சவுரியம்மாள்.

"முடிக்கல. அலசினதும் சரியில்ல" என்றார் சாமுவேல். "ஆனா யாரும் இன்னும் எழுந்து போகல பாத்தீங்களா? நீங்க சயின்ஸ் எடுக்கலாம்னு உங்க மேனேஜருக்கு நானே சொல்லிடறேன்."

ஜூனில் பள்ளி திறந்ததும் ஐந்தாம் வகுப்பு சயின்ஸ் சவுரியம்மாளுக்கு வந்தது. முதல் பாடத்துக்குப் போகும்முன் ஒரு தம்ளரைச் சாம்பலில் தேய்த்து, வேண்டுமென்றே அரைகுறையாக அலசி எடுத்துக்கொண்டார்.