நெல் கண்டுகொண்ட புரதம்

மார்கழிப் பனி கனத்துப் பெய்த ஒரு காலையில் அண்ணன் அம்பாசமுத்திரத்திலிருந்து போன் செய்தான். பிசானப் பருவத்துக்கு நட்ட நெல்லில் இலையெல்லாம் பழுப்புப் புள்ளி என்றான்.

“குலை நோய்தாம்ட்டி. பக்கத்து வயல்லயும் வந்துட்டு. இன்னைக்கே மருந்து அடிச்சிருதேன்.”

பயிரைத் தாக்கும் பூஞ்சைகளை ஆராய்வதுதான் என் வேலை. “கொஞ்சம் பொறுண்ணே, வாரேன்” என்று சொல்லி, திருநெல்வேலியில் பஸ் ஏறினேன்.

இரண்டு வயலுக்கும் நடுவே வரப்பில் நின்று பார்த்தேன். பக்கத்து வயல் இலைகளில் கண் வடிவப் புண்கள். நடுவில் சாம்பல் நிறம். அண்ணன் நட்டிருந்தது நோயைத் தாங்கும் புது ரகம். அதில் எந்தப் புள்ளியும் குண்டூசித் தலைக்கு மேல் வளரவில்லை. ஆய்வகத் தொட்டிச் செடிகளில் மட்டுமே நான் பார்த்திருந்த காட்சி அது. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.

“என்னட்டி சிரிக்கே?”

“பூஞ்சை இலைக்குள்ள நுழைஞ்சதும் சில புரதங்களைக் கக்கும்ணே. நெல்லோட காவலை மயக்கிப் போடுததுக்கு. பக்கத்து வயல் மயங்கிட்டு. ஒன் நெல்லு அதுல ஒரு புரதத்தை அடையாளம் கண்டுக்கிட்டு, அந்த எடத்துல தன் செல்லைத் தானே சாகடிச்சிட்டு. பூஞ்சை மேற்கொண்டு போவ வழியில்ல.”

“அப்ப இந்தப் புள்ளி?”

“சண்டை போட்ட தழும்பு.”

அவன் முகம் தெளியவில்லை. “நீ சொல்லுதது தப்புன்னா கதிரெல்லாம் பதராப் போயிரும், பாத்துக்க.”

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. பூஞ்சை அந்தப் புரதத்தை மாற்றிக்கொண்டால் நெல்லுக்கு ஆள் தெரியாமல் போய்விடும். இரண்டு வயல் இலைகளையும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் ஈரத்தாளில் வைத்தேன். பூஞ்சை உள்ளே உயிரோடு பரவியிருந்தால் அந்த ஈரத்தில் வித்து விடும். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, பக்கத்து வயல் இலையில் பேரிக்காய் வடிவ வித்துகள் மண்டிக்கிடந்தன. அண்ணன் வயல் இலையில் ஒன்றுகூட இல்லை. மருந்து வேண்டாம், ஆனால் தினமும் பார்த்துக்கொண்டே இரு என்று போனில் சொன்னேன்.

கதிர் வரும்வரை அவன் வயலே கதியென்று கிடந்தான். வரப்பில் உட்கார்ந்தபடியே படம் படமாக அனுப்பினான். கதிர் பால் பிடித்து, தலை சாய்ந்த பிறகுதான் எனக்கும் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

பொங்கல் கழிந்து, அறுப்பும் முடிந்து நான் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வயல்காரர் விதை கேட்டு வந்தார். மருந்தடித்து அவரும் ஓரளவு தப்பியிருந்தார். அண்ணன் அவரை உட்காரவைத்து விளக்கிக்கொண்டிருந்தான்.

“புரதம் அண்ணாச்சி, புரதம்! அவன் கக்கும்போதே நம்ம நெல்லு புடிச்சிட்டுல்லா!”

உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த நான், அவருக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைத்தேன்.