வரிசை எண் ஒன்று

நான் இப்போது இருக்கும் ஊரில், சனிக்கிழமை தோறும் நூலக வாசலில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். கேட்பது எனக்குப் புதிதில்லை. போடுகிறார்களே, அதுதான் புதிது. ஒரு கையில் காப்பி, இன்னொரு கையில் நாயின் கயிறு. பல்லால் கையுறையைக் கடித்து இழுத்துவிட்டு, நின்ற நிலையிலேயே பெயரை எழுதி, முகவரியை எழுதி, கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் பால் வாங்கப் போய்விடுகிறார்கள். தனக்கு மேலே யார் போட்டிருக்கிறார் என்று ஒருவர்கூடப் பார்ப்பதில்லை. தெருவின் அந்தப் பக்கம் யாராவது நின்று கவனிக்கிறாரா என்று திரும்புவதும் இல்லை. கனடாவுக்கு வந்த இந்த இரண்டு வருடத்தில் பனியும், மாலை நான்கரைக்கே அடையும் இருட்டும் எனக்குப் பழகிவிட்டன. இது மட்டும் பழகவில்லை.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் டோரத்தி. ஓய்வு பெற்ற செவிலியர். என்னைவிட ஓரிரண்டு வயது குறைவாக இருக்கலாம். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டிப் பெரிய வேர்ஹவுஸ்கள் இருக்கின்றன. அங்கே பெட்டி தூக்குபவர்களில் பாதிப் பேர் நம் பக்கத்து முகங்கள். நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பது அவர்களுக்கு முந்தின நாள் மாலைதான் ஃபோனில் தெரியும். வேலை நேர அட்டவணையை இரண்டு வாரம் முன்பே சுவரில் ஒட்டச் சட்டம் வேண்டும் என்பது டோரத்தி கூட்டத்தாரின் கோரிக்கை. அவருக்கு அதில் சொந்த லாபம் எதுவும் இல்லை. மடிமேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருக்கிறார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை என்னையும் நிறுத்தினார். அதற்குச் சற்று முன்புதான் தாள் நிறைந்திருந்தது. புதுத் தாளைப் பரீட்சை அட்டையில் செருகி, முதல் வரியில் விரலை வைத்தார். "யாராவது ஒருவர் முதலில் போட்டுத்தானே ஆகவேண்டும்?" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

முடியாது என்று கையை ஆட்டினேன். எனக்கு ஆங்கிலம் படிக்க வராது என்று நினைத்து மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினார். வருவாய்த் துறையில் முப்பது வருடம் கோப்புப் பார்த்தவனுக்கு! பிறகு, விசாவுக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து, "உங்களை யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். என்னை யாரும் எதுவும் செய்ததில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? திரும்பி நடந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த வாக்கியத்தை, அட்சரம் மாறாமல், நான் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

பட்டுக்கோட்டைக்கு மேற்கே, ஆற்றுப் பாசனத்தின் கடைசியில் இருக்கிறது எங்கள் ஊர். ஓய்வு பெற்றபின் நான் அங்கே மனு எழுதிக் கொடுப்பவனாக இருந்தேன். பட்டா மாற்றம், முதியோர் உதவி, சாதிச் சான்று, எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். ஒரு பைசா வாங்கியதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. கூடவே ஐந்து ஏக்கர் நஞ்சையும் உண்டு. பக்கத்துப் பதினைந்து ஏக்கர் என் மனைவியின் தம்பிக்குச் சொந்தம். இரண்டு நிலத்துக்கும் ஆள் பிடித்து வேலை வாங்க ஒரே காரியக்காரர்.

தவமணி நடவு ஆட்களைத் திரட்டி வருபவர். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. ஒரே மகள் கலையரசி தஞ்சாவூரில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கட்டுரையில் தவமணியை 'அவர்' என்று எழுதுகிறேன். ஊரில் இருந்தவரை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. என்னைவிடப் பல வருடம் சிறியவர் என்பது காரணம் இல்லை. அதே வயதுடைய வேறு பெண்களை 'வாங்க' என்றுதான் அழைத்தேன்.

ஒரு குறுவைப் பருவத்துக்கு முன், தவமணியும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் ஒரு மதியம் என் வீட்டுக்கு வந்தார்கள். கார் நிறுத்தும் கொட்டகையில் உட்காரச் சொன்னேன். அரசாங்கம் விவசாய வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி எவ்வளவு என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப் போடவேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றுதான் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். அவ்வளவுதான் கேட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் சில இளைஞர்கள் இதற்காகவே ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் அவர்களுக்காகக் காத்திராமல் தாங்களே ஒரு தாளைத் தயாரித்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

தாளின் நடுவில் கோரிக்கை நான்கு வரி. அதைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். வட்டத்தின் விளிம்பு முழுக்க, சூரியனின் கதிர்கள்போல வெளிப்பக்கமாக நீண்டு, நாற்பத்திரண்டு கையெழுத்துகளும் ரேகைகளும்.

"இது என்ன, மனுவா கோலமா?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். தவமணி சொன்னார்: "கோலம்னே வச்சுக்குங்க சார். கோலத்த எந்தப் புள்ளியில ஆரம்பிச்சோம்னு முடிச்சப்புறம் யாரால சொல்ல முடியும்?"

"வட்டம் நல்லா வந்திருக்கே. காம்பஸ் வச்சுப் போட்டீங்களா?"

"சோத்துத் தட்டக் கவுத்து வச்சுப் போட்டோம்" என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. "அதுலயும் ஒரு பக்கம் நெளிசலு."

தவமணி விளக்கினார். "நடவுல வரிசையா நிக்கிறோம்ல சார், வரப்போரத்துல நிக்கிறவதான் அத்தன ஏச்சும் வாங்குவா. நாத்து ஆழமா போச்சு, எடவெளி விட்டுக் கலக்கமா நட்டுட்டன்னு எல்லாம் அவ தலையில. உள்ள நிக்கிறவளுக தப்பிச்சுக்குவாளுக. இதுல வரப்போரம்னு யாருமே இல்ல பாருங்க."

"தெனம் வரப்போரத்துல நிக்கிறது இவதான் சார். வாங்கி வாங்கி வந்த புத்தி!" என்றாள் மறுபடி அந்தப் பின்னால் இருந்தவள்.

இவ்வளவு தெளிவான ஒரு யோசனை நான் இருந்த எந்த அலுவலகத்திலும் யாருக்கும் தோன்றியதில்லை. "இதை ஆபீஸ்ல வாங்க மாட்டாங்கம்மா" என்றேன். "வரிசை எண், பேரு, அப்பா பேரு இல்ல வீட்டுக்காரர் பேரு, கதவு எண், கையொப்பம். அப்படி இருந்தாத்தான் மனு."

அது பொய். எந்த வடிவத்தில் கொடுத்தாலும் மனு மனுதான். அதை இத்தனை வருடமும் நான் 'அலுவலகப் பழக்கத்தில் செய்த பிழை' என்று எனக்கே சொல்லிவந்தேன். பிழை இல்லை. முந்தின நாள் மாலை என் மைத்துனன் காரை வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமலே கண்ணாடியை மட்டும் இறக்கிச் சொல்லியிருந்தான்: "ஏதோ மனு கினுன்னு பேச்சு அடிபடுது அத்தான். யாரு கிளப்பி விடுறான்னு மட்டும் தெரிஞ்சா போதும். மத்தத நாங்க பாத்துக்குறோம்." பதிலுக்குக் காத்திராமல் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். நான் எப்படிச் சொல்வேன் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. மேலே கொடுக்கும் மனு விசாரணைக்காகப் படிப்படியாகக் கீழே இறங்கி ஊருக்கே வரும். வரும்போது நாற்பத்திரண்டு பெயரையும் யாரும் எழுத மாட்டார்கள். முதல் பெயரை எழுதி, 'மற்றும் பலர்' என்று போடுவார்கள். நானே அப்படி எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

வெள்ளைத் தாளில் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டேன். அழகாக எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். முடித்ததும் பேனாவைத் தவமணியிடம் நீட்டினேன்.

"நானா சார்?"

"யாராவது ஒருத்தர் முதல்ல போட்டுத்தானே ஆகணும்?"

மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். குனிந்து, ஒன்று என்ற எண்ணுக்கு நேரே, எழுத்துக்கூட்டிப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது, "நீங்களும் கடைசியில ஒண்ணு போடுங்களேன் சார். படிச்சவங்க பேரு இருந்தா ஒரு மதிப்பு" என்றார். எழுதிக் கொடுப்பவன் கையெழுத்துப் போடக்கூடாது என்பது விதி என்றேன். அப்படியும் ஒரு விதி கிடையாது. வட்டம் போட்ட தாளை அவர் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

விசாரணைக் கடிதம் வந்தது. 'மனுதாரர்: தவமணி மற்றும் பலர்.' அன்றைக்கே காரியக்காரர் தெருவுக்குப் போய்ச் சொல்லிவிட்டார்: எல்லாரும் வரலாம், தவமணி மட்டும் வேண்டாம். பெண்கள் ஒரு வாரம் யாருமே போகாமல் இருந்தார்கள். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நடவு இயந்திரத்துக்குச் சொல்லியாகிவிட்டது, வடக்கத்தி ஆட்கள் வருகிறார்கள் என்று காரியக்காரர் செய்தி பரப்பினார். எட்டாம் நாள் தவமணியே வீடு வீடாகப் போய், "என் ஒருத்திக்காக நீங்க எத்தன நாளு அடுப்புல உல வைக்காம இருப்பீங்க? போங்கடி" என்று அனுப்பிவைத்தார்.

முதல் நடவு என் நிலத்தில். குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றிருந்தேன். தவமணியும் வந்து வாய்க்கால் ஓரத்தில் நின்றார். சேலையை நடவுக்குக் கட்டுவதுபோலத் தூக்கிச் செருகியிருந்தார். நான் இருப்பதால் வயலில் இறங்க விடுவார்கள் என்று நம்பி வந்திருக்க வேண்டும்.

"ஒனக்குத்தான் சொல்லியாச்சுல்ல? சொவத்துல எழுதி வந்ததும் வா, சொவத்துலயே நடலாம்" என்றார் காரியக்காரர். வயலுக்குள் இருந்தவர்கள் ஒருவரும் நிமிரவில்லை. சிலர் சிரித்தார்கள். பயத்தில் வந்த சிரிப்பு அது.

தவமணி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார். வரிசைய நீங்கதான போட்டீங்க?"

"மனுன்னா அப்படித்தாம்மா" என்றேன்.

"சரிங்க சார்" என்றார். "முப்பது வருசம் ஆபீஸ்ல இருந்தவங்க. உங்களுக்குத் தெரியாததா." செருகிய சேலையை இறக்கிவிட்டு, ஈரம் படாத காலோடு நடந்து போனார்.

அந்தப் பருவம் முழுக்க அவரை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த சம்பாவுக்கும் இல்லை. அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் காரியக்காரர்கள் பேசி வைத்திருந்தார்கள். கலையரசி படிப்பை நிறுத்திவிட்டுத் தாயோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். போகும் முன் என்னிடம் வந்து சான்றிதழ் நகல்களைச் சரிபார்த்துத் தரச் சொன்னாள். சரிபார்த்துக் கொடுத்தேன். "தேங்க்ஸ் சார்" என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அம்மா சொல்லவில்லை.

அவர்கள் போன சில மாதத்தில் மனு பலித்தது. ஊராட்சிச் சுவரில் நீல நிறத்தில் கூலியை எழுதினார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று என்று. அதைப் பார்த்துவிட்டு என் மைத்துனன் அடித்த நகைச்சுவை ஊரெல்லாம் சுற்றியது: "எழுதச் சொன்னாங்க, எழுதியாச்சு. குடுக்கச் சொல்லலையே!" நானும் சிரித்தேன். அதையும் சொல்லிவிடவேண்டும்.

மனைவி இறந்தபின் மகள் வெண்ணிலா என்னை இங்கே அழைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை அந்த வேர்ஹவுஸ்களில் ஒன்றில்தான் ஷிஃப்ட் மேலாளர். முந்தின நாள் மாலை ஃபோனில் ஆட்களைக் கூப்பிடுபவரும் கூப்பிடாமல் விடுபவரும் அவரே. நல்ல மனிதர். எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். நூலக வாசலில் டோரத்தியோடு நான் நின்றதை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். "அப்பா, அந்த அம்மாகிட்டல்லாம் நின்னு பேசாதீங்க. அவர் வேல பாக்குற எடத்துக்கு எதிரான மனு அது. நம்ம அட்ரஸ் அதுல இருந்தா அவருக்கு எவ்வளவு அசிங்கம்?" என்றாள் வெண்ணிலா. காரின் கண்ணாடியை இறக்கிப் பேசிய அதே பேச்சு. அவள் குரலில் அன்பு இருந்தது. அவள் மாமனின் குரலிலும் இருந்ததுதான்.

நான்கு வாரம் யோசித்தேன். போன சனிக்கிழமை நூலகம் திறக்கும் முன்பே போய் நின்றேன். டோரத்தி மேசையை விரித்ததும், புதுத் தாள் வேண்டும், முதல் வரியில் நான் போடுகிறேன் என்றேன். அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பெயரை எழுதினேன். முகவரிக் கட்டத்தில் எங்கள் ஊரை, தெருவை, தஞ்சாவூர் மாவட்டத்தை, அஞ்சல் குறியீட்டோடு எழுதினேன். என் கையெழுத்து எங்கே விழாமல் போனதோ அந்த ஊரின் பெயரோடு விழட்டும் என்று நினைத்துத்தான் எழுதினேன் என்று உங்களிடம் சொல்லலாம். ஓரளவு உண்மையும்கூட. மகளின் முகவரியை எழுத அஞ்சினேன் என்பது மிச்ச உண்மை. மிச்சம்தான் பெரிது.

டோரத்தி படித்துவிட்டு முகம் வாடினார். இங்கே வசிப்பவர்களின் கையெழுத்துதான் செல்லும், உள்ளூர் முகவரி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். என்னை வீடில்லாதவன் என்று நினைத்திருக்க வேண்டும். சூடான தேநீர் வேண்டுமா என்று கேட்டபடி, மன்னிப்பும் கேட்டுக்கொண்டே, அளவுகோலை வைத்து என் பெயரின் மேல் நேர்கோடு ஒன்று போட்டார்.

அப்போது ஒரு பெண் வந்தார். நம்மவர்தான். பஞ்சாபியாக இருக்கலாம். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். இரவு வேலை முடிந்து வருகிறார்போலும், மஞ்சள் ஒளிர்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மாப்பிள்ளையும் அதே சட்டைதான் போடுவார், அதே நிறம், முதுகில் அதே முத்திரை. பேருந்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் பேனாவை வாங்கி, என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். இரண்டாவது வரிதான். ஆனால் மேலே இருப்பது அடிக்கப்பட்ட பெயர்.

அதைச் சொல்ல வாயெடுத்தேன். எந்த மொழியில் சொல்வது என்று நான் தேடுவதற்குள் பேருந்து வந்தது, அவர் ஓடிவிட்டார். ஊரில் வாக்காளர் பட்டியலில் என் பெயர் இன்னும் இருக்கிறது. ஆள் இல்லை. இங்கே ஆள் நிற்கிறேன், பெயரின் மேல் கோடு. டோரத்தி அந்தக் கோட்டைத் தாண்டி விரலை வைத்து, அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே சின்னதாக 'ஒன்று' என்று எழுதினார்.