எண்ணாமல் இறங்கிய நாள்

தவக்காலத்து முதல் வெள்ளி, சிலுவைப்பாதை முடிந்த பின் கோயிலின் பக்க அறையில் இருந்தவர்கள்: ஞானோபதேசம் படிப்பிக்கும் உபதேசியார். புளியங்கூடலிலிருந்து சைக்கிளில் வந்த தபால் மாஸ்டர். அவர் சைவர், நெற்றியில் திருநீறு. என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான். கடைசியாக நான். நாலு கதிரை, நடுவில் ஒரு மெழுகுதிரி. ஊர் ஊர்காவற்றுறை. வருடம் எண்பத்தெட்டு, யுத்தத்துக்கு நடுவே கடல் ஓரளவு திறந்திருந்த காலம்.

நான் சங்கு குளிக்கிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டது. நான் இறங்க, மச்சான் வள்ளத்தில் இருந்து கயிறு பிடிப்பான். முந்தின வருடம் எட்டுப் பாகத்தில் எனக்கு நினைவு தப்பியது. இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். மச்சான் இழுத்து எடுத்தான். அதன் பிறகு இரண்டு பாகம் இறங்கினாலே நெஞ்சு பூட்டிக்கொள்ளும். மேலே இழுக்கச் சொல்லிக் கை தானாகக் கயிற்றை உதறும். மச்சான் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். "அத்தான், உயிர்த்த ஞாயிறு கழிஞ்ச திங்கள் இறங்கிப் பாருங்கோ. ஏலாட்டி வேற ஆளைத்தான் இறக்கவேணும். கோவிக்காதையுங்கோ." கோபிக்க என்ன இருக்கிறது. ஆனால் எனக்கு வேறு தொழில் தெரியாது.

அதனால்தான் அந்த அறைக்குப் போனேன். உபதேசியாரும் நானும் ஒரே வயது, ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவர் பாதிரியாராகப் படிக்கப் போய்க் குருமடத்தில் மூன்று வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பாலைவனத்துத் துறவிகள் செய்த செபம் ஒன்றை அங்கே படித்திருந்தார். மூச்சு உள்ளே போகும்போது 'இயேசுவே', வெளியே வரும்போது 'இரங்கும்'. பெயர் வாயிலிருந்து தலைக்கும், தலையிலிருந்து நெஞ்சுக்கும் போகவேண்டும். நெஞ்சில் ஒரு கதவு இருக்கிறது என்பார். கழுவப்படுதல், வெளிச்சம் பெறுதல், ஒன்றாதல் என்று மூன்று படி சொல்வார்.

தபால் மாஸ்டர் பெட்டி நிறைய மறைஞானப் புத்தகம் வைத்திருந்தவர். எல்லாச் சமயத்துக்கும் உள்ளே ஒரே இரகசியம், அதைத் தகுதி பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்பது அவர் கட்சி.

"எங்களுக்கும் மூண்டுதானே. சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை. ஆனா குரு தரவேணும், உபதேசியார். சும்மா வராது."

"இஞ்ச தந்தாச்சு அண்ணை. பிறந்த கையோட ஞானஸ்நானத்தில தலையில தண்ணி ஊத்தேக்கை தந்தது. இவன் இன்னும் பிரிச்சுப் பாக்கேல்லை."

"தபால் வந்து கிடக்குது, உடைக்கேல்லை எண்டு சொல்லுறீர்."

"ஓம். உங்கட தபால் கந்தோரில சுணங்கேல்லை. வீட்டுக்குள்ளதான் கிடக்குது."

தபால் மாஸ்டர் சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லா வெள்ளியும் வந்தார், எல்லா வெள்ளியும் வாதாடினார்.

இரண்டு பேரும் சொன்னது எனக்குப் பாதிதான் விளங்கியது. மூச்சு என்ற சொல் மட்டும் நன்றாக விளங்கியது. அது என் தொழில். மச்சானுக்கும் அப்படியே. வீட்டில் நான் ஒரு மூச்சை அடக்கிக்கொண்டு எத்தனை தரம் பெயரை நினைக்கிறேன் என்று விரல் மடக்குவேன், அவன் கண்காணிப்பான். முதல் வாரம் இருபத்தைந்து. மூன்றாம் வாரம் நாற்பத்தெட்டு. உள் தீட்சை கிட்ட வந்துவிட்டது என்று இருவரும் நம்பினோம். மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள். "இஞ்சேருங்கோ, முகம் கறுக்குது. செபிக்கிறியளோ, சாகப்போறியளோ?" நான் அடுத்த விரலை மடக்கினேன். மூச்சுப் பிடித்திருந்தேன்.

நாலாம் வெள்ளி அந்த நாற்பத்தெட்டைப் பெருமையாகச் சொன்னேன். உபதேசியார் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"மடையா, நீ கதவைச் சாத்திப்போட்டு வெளியில நிண்டு தட்டுறாய். மூச்சைப் பிடிக்காதை. அது போகட்டும், வரட்டும். பேர் அதோட போகும். எண்ணவும் வேண்டாம்."

"நெஞ்சு பூட்டினா?"

"பூட்டட்டும். பூட்டின இடத்திலயே பேரோட இரு. அதுதான் கதவு."

தபால் மாஸ்டர் மெழுகுதிரியின் திரியைக் கிள்ளிவிட்டார். "என்ர புத்தகங்கள் இதைக் கடைசிப் படியில ஒளிச்சு வைச்சிருக்கு," என்றார். "இவர் முதல் படியிலயே ஒரு மடையனுக்குச் சொல்லிப்போட்டார்."

அடுத்த நாளிலிருந்து எண்ணாமல் இருந்தேன். அது நாற்பத்தெட்டைவிடக் கடினம். விடியலில் வள்ளம் கட்டும் இடத்தில் குந்தியிருப்பேன். பெயர் வாயில் நிற்கும், தலையில் நிற்கும், கீழே இறங்காது. பயம் வரும். வந்தால் பெயரை அதன் பக்கத்தில் வைப்பேன். உயிர்த்த ஞாயிறுக்கு மூன்று நாள் முன்பு, பெரிய வியாழன் காலை ஒன்று நடந்தது. சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பயம் போகவில்லை. பயத்துக்குக் கீழே இன்னும் இடம் இருந்தது. பெயர் அங்கே போய்விட்டது. நான் சொல்லாமலே அது சொல்லிக்கொண்டிருந்தது. எழும்பிப் போய்ச் சங்கு போடும் வலைப்பையைத் தைத்தேன்.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. தொண்ணூறில் ஊர் முழுக்கப் பெயர்ந்தபோது உபதேசியார் போன இடத்திலேயே காய்ச்சலில் முடிந்தார். தபால் மாஸ்டரின் பெட்டி வீட்டோடு போனது, அவரும் பிறகு போனார். கோயிலுக்குப் புது ஓடு போட்டிருக்கிறார்கள். அந்த அறையில் ஒலிபெருக்கிச் சாமான் வைத்திருக்கிறார்கள். விடியலில் நான் கண் மூடிக் குந்தியிருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் அப்பா தூங்குகிறார் என்கிறார்கள். தூங்கவில்லை. அந்த இரண்டு பேரில் யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றும் தெரியாது. எனக்குத் தந்ததை நான் பிரித்துவிட்டேன், அது தெரியும்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த அந்தத் திங்கள் வாடைக் காற்று அடங்கியிருந்தது, சோளகக் காற்று இன்னும் எழும்பவில்லை. நாலு பேரும் ஒரே வள்ளத்தில் போனோம். உபதேசியாருக்கு நீந்தத் தெரியாது, வள்ளத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார். தபால் மாஸ்டர் ஐந்து நிமிடத்தில் காலைச் சாப்பாட்டைக் கடலுக்குக் கொடுத்தார்.

"ஐயா, இது எந்தத் தீட்சை?" என்று மச்சான் கேட்டான்.

"முதலாம் படி தம்பி," என்றார் அவர் வாயைத் துடைத்தபடி. "கழுவப்படுறன்."

இறங்கினேன். இரண்டு பாகத்தில் நெஞ்சு பூட்டியது. கை கயிற்றுக்குப் போனது. பெயர் எனக்கு முதலே அங்கே இருந்தது. மூச்சு நின்றும் அது நிற்கவில்லை. கை கயிற்றை விட்டது. மணல் விரலில் பட்டபோதுதான் அடிக்கு வந்தது தெரிந்தது. சங்குகள் மணலில் பாதி புதைந்து கிடந்தன. அவசரப்படாமல் எடுத்தேன்.

மேலே வந்தபோது மச்சான் கயிற்றைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தான். உபதேசியார் விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்தார். "திரும்பப் போ," என்றார். போனேன். மத்தியானம் வரைக்கும் இறங்கி ஏறினேன். நான் எண்ணவில்லை. கரையில் பையைக் கவிழ்த்து மச்சான்தான் சங்குகளை எண்ணினான்.

இருபத்தாறு.